முதலில் கூலிங், பிறகு தச்சு

மில்வாக்கியில் வீடு பார்க்கப் போனால், சமையலறையையும் படுக்கையறைகளையும் காட்டி முடித்த கையோடு தரகர் பேஸ்மென்ட்டுக்குக் கூட்டிப்போவார். படியிறங்கினால் ஒரு மூலையில் துணி துவைக்கிற மெஷின், இன்னொரு மூலையில் வீட்டைச் சூடாக்குகிற ஃபர்னஸ். 1950களிலோ 60களிலோ கட்டிய வீடாக இருந்தால், பைன் பலகை அடித்த சுவரை ஒட்டி ஒரு பாரும் இருக்கும். கால் வைக்கப் பித்தளைக் குழாய், முழங்கை ஊன்ற வளைந்த விளிம்பு, பின்னால் கண்ணாடி பதித்த அலமாரி எல்லாம் உண்டு. ஜெர்மனியிலிருந்து வந்தவர்கள் குடியேறி வளர்த்த ஊர் இது. பின்னாளில் பாப்ஸ்ட் என்று பெயர் பெற்ற ஆலை 1844இலும், மில்லர் 1855இலும் இங்கேதான் தொடங்கின. பீர் ஆலையில் வேலை பார்த்த தாத்தா தன் கையால் இழைத்த பார் என்று பேரன்மார் தடவிக் காட்டுகிற வீடுகளுக்கு நான் வேலைக்குப் போயிருக்கிறேன்.

என் தொழில் கூலிங். கிண்டி ஐடிஐயில் ரெஃப்ரிஜரேஷன் படித்துவிட்டுச் சென்னையில் தியேட்டர் ஏசி, ஐஸ்கிரீம் ஃப்ரீசர், பால் பூத் கூலர் எல்லாம் பழுது பார்த்தவன். மனைவிக்கு இங்கே மருத்துவமனையில் செவிலியர் வேலை கிடைத்ததும் கூடவே வந்தேன். இப்போது சூப்பர்மார்க்கெட் கோல்டு ரூம்களையும் பார்களின் பீர் லைன்களையும் கவனிக்கிறேன். தெரிந்தவர்கள் வீட்டில் பார் கட்டும்போது என்னைக் கூப்பிடுகிறார்கள். பெரும்பாலும் மரவேலை முடிந்த பிறகுதான் கூப்பிடுகிறார்கள். அதுதான் என் மனக்குறை. எஃகு பீர்ப் பீப்பாயான கெக்கை உள்ளே வைத்துக் கட்டுகிற பாரில் தச்சருக்கு முன்னால் கூலிங்காரர் வரவேண்டும்.

அண்மையில் மில்வாக்கிக்குப் பக்கத்தில் ப்ரூக்ஃபீல்டில் வீடு வாங்கிய ஒரு தம்பி, திருச்சிக்காரர், மென்பொருள் வேலை, முன்கூட்டியே கூப்பிட்டார். போனில் ஒரு படத்தைக் காட்டினார்.

“அண்ணா, இதே மாதிரி வேணும். முழுக்க ஓக். ஃப்ரிட்ஜ் இருக்கிறதே வெளியில தெரியக்கூடாது. மேல டேப் மட்டும் நிக்கணும்.”

“நல்லா இருக்குப்பா. இதுக்குள்ள ஓடுற மெஷினோட சூடு எந்த வழியா வெளிய போகுது?”

“ஃப்ரிட்ஜ்தானே அண்ணா, சூடு எதுக்கு வருது?”

படித்தவர்களும் இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். அதனால் அவருக்குச் சொன்னதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். குளிர்சாதனம் செய்வது ஒரே வேலை: உள்ளே இருக்கிற வெப்பத்தை இழுத்து வெளியே கொட்டுவது. இழுத்த வெப்பத்தோடு, கம்ப்ரசர் தின்ற மின்சாரமும் வெப்பமாகச் சேர்ந்து வெளியே வரும். 19 லிட்டர் கெக் ஒன்றை 20 டிகிரி செல்சியஸிலிருந்து 3 டிகிரிக்குக் கொண்டுவர, பீரிலிருந்து மட்டும் ஏறக்குறைய 1,350 கிலோஜூல் வெப்பத்தை எடுக்கவேண்டும். ஆயிரம் வாட் ஹீட்டரை 22 நிமிடம் எரித்தால் வருகிற சூடு அது. நாலு பக்கமும் பலகை அடித்து மூடினால் அவ்வளவும் பலகைக்குள்ளேயே சுற்றும். சுற்றியிருக்கிற காற்று சூடாகச் சூடாகக் கம்ப்ரசர் நிற்காமல் ஓடும். ஒரு கட்டத்தில் கெக் குளிராது, அப்புறம் கம்ப்ரசரே போகும். புது மெஷின் போய்விட்டது, கம்பெனி ஏமாற்றிவிட்டது என்று என்னைக் கூப்பிட்ட வீடுகளில் மெஷின் மேல் குற்றம் இருந்ததில்லை. அதற்கு மூச்சு விட இடம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

எனக்கு இந்தத் தொழில் மேல் இருக்கிற மரியாதைக்கு ஒரு காரணம், இது பீரால் வளர்ந்த தொழில். லாகர் வகை பீர் குளிரில் வாரக்கணக்கில் கிடந்து முதிரவேண்டியது. அதனால் ஆலைக்காரர்கள் குளிர்காலத்தில் ஏரிகளில் ஐஸ் வெட்டி நிலவறைகளில் அடுக்கினார்கள். மில்வாக்கியிலும் அப்படித்தான். கோடை முழுக்க அந்த ஐஸ் தாக்குப்பிடிக்க வேண்டும். இந்தத் தொல்லையை ஒழிக்கத்தான் 1873இல் கார்ல் வான் லிண்டே தன் முதல் குளிர்பதன இயந்திரத்தை மியூனிக்கில் ஸ்பாட்டன் பீர் ஆலையில் நிறுவினார். 1876இல் அமோனியாவில் ஓடும் மெஷினைக் கொண்டுவந்தார். இன்று உலகத்தில் பாலும் மருந்தும் மீனும் கெடாமல் இருப்பதில் அந்த மெஷினுக்குப் பங்கு உண்டு. நான் வளர்ந்தது திருவல்லிக்கேணி. எங்கள் பஸ் ஸ்டாப் ஐஸ் ஹவுஸ். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் ஏரிகளில் வெட்டிய ஐஸைக் கப்பலில் கொண்டுவந்து வைக்க 1842இல் கட்டிய கட்டடம் அது. இப்போது விவேகானந்தர் இல்லம். அந்த ஐஸ் வியாபாரத்தை முடித்துவைத்ததும் ஐஸ் செய்கிற மெஷின்கள்தான்.

சரி, பாருக்கு வருவோம். உள்ளே எந்தக் கெக் உட்காரப்போகிறது என்று முதலில் முடிவு செய்யவேண்டும். இங்கே பார்களுக்கு வருகிற பெரிய கெக்கில் 15.5 கேலன், அதாவது 58.7 லிட்டர் பிடிக்கும். நிறைந்திருந்தால் 73 கிலோ அளவுக்கு இருக்கும். 16 அவுன்ஸ் கிளாஸில் 124 ஊற்றலாம். வீட்டுக்கு இது வேண்டவே வேண்டாம். 73 கிலோவைப் பேஸ்மென்ட் படியில் இறக்குவது இடுப்புக்கும் காலுக்கும் ஆபத்து. பாஸ்சரைஸ் செய்யாத பீர் குளிரில் வைத்திருந்தாலும் 6 முதல் 8 வாரம்தான் ருசி மாறாமல் இருக்கும். நாலு பேர் எப்போதாவது கூடுகிற வீட்டில் அதற்குள் இவ்வளவும் தீராது. தீர்க்கவேண்டும் என்று குடிப்பது இன்னும் மோசம். இதில் மூன்றில் ஒரு பங்கு, 19.5 லிட்டர் பிடிக்கிற ஒல்லியான கெக் ஒன்று கிடைக்கிறது. உயரம் அதே 23 அங்குலத்துக்குச் சற்று மேல், விட்டம் 9¼ அங்குலம். வீட்டுக்கு அதுதான் அளவு.

தாங்களே பீர் காய்ச்சுகிறவர்கள் கார்னி கெக் வைத்துக்கொள்கிறார்கள். 5 கேலன், ஏறக்குறைய 19 லிட்டர். பெப்சி, கோக் கம்பெனிகள் ஓட்டல்களுக்கு சோடா சிரப் அனுப்பப் பயன்படுத்திய டப்பா அது. அட்டைப்பெட்டிக்குள் பை வைத்துச் சிரப் அனுப்பும் முறை வந்தபிறகு, பழைய டப்பாக்கள் மலிவாக விலைக்கு வந்தன. வீட்டில் காய்ச்சுவதும் அப்போதுதான் சட்டப்படி ஆகியிருந்தது. 1920இல் வந்த மதுவிலக்கு 1933இல் போனாலும், வீட்டில் பீர் காய்ச்சுவதற்கு மட்டும் அனுமதி விட்டுப்போயிருந்தது. 1978 அக்டோபரில் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம்தான் அதைச் சரிசெய்தது. பெரியவர் ஒருவர் மட்டும் இருக்கிற வீட்டில் ஆண்டுக்கு 100 கேலன், இரண்டு பேரோ அதற்கு மேலோ இருந்தால் 200 கேலன். விற்கக்கூடாது. இன்று அமெரிக்க பேஸ்மென்ட்டுகளில் இருக்கிற இத்தனை கெக் கூலர்களுக்கும் அந்தக் கையெழுத்துதான் பிள்ளையார் சுழி.

அடுத்து, மெஷின். இரண்டு வழி இருக்கிறது.

முதல் வழி, நின்ற வாக்கில் இருக்கும் கெஜரேட்டர். முன்பக்கம் கதவு, மேலே டேப் வைத்த கம்பம். கடையில் முழுசாகக் கிடைக்கும். வாங்கும்போது ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: சூடு எந்தப் பக்கம் வெளியே வருகிறது? பின்பக்கம் வருகிற மாடல் தனியாக நிற்பதற்கு. அதை அலமாரிக்குள் தள்ளினால் மேலே சொன்ன கதைதான். கீழே முன்பக்கத்தில் கிரில் வைத்து அந்த வழியாகவே காற்றை இழுத்து விடுகிற மாடல்தான் அலமாரிக்குள் கட்டுவதற்கு. விலை கூடுதல்தான். திருச்சித் தம்பிக்கு 24 அங்குல அகலத்தில் இதைத்தான் வாங்கச் சொன்னேன். அவர் கேட்டபடி வெளியில் எதுவும் தெரியவில்லை. கிரில் பார் உள்பக்கம், ஊற்றுகிறவர் நிற்கிற பக்கம் பார்த்திருக்கிறது. விருந்தாளிக்குத் தெரிவது ஓக் மட்டும்.

இரண்டாவது வழி, என் வீட்டில் இருப்பது. படுக்கை வாக்கில் இருக்கும் ஃப்ரீசரை, மேல் மூடி திறக்கிற ஐஸ்கிரீம் பெட்டி மாதிரியான ஃப்ரீசரை, கெக் கூலராக மாற்றுவது. இதைக் கீசர் என்பார்கள். பணம் குறைவு, குளிர் நன்றாக நிற்கும், கெக் அதிகம் பிடிக்கும். 7 கன அடி ஃப்ரீசரில் பெரும்பாலும் 3 கார்னி கெக் வைக்கலாம்; கம்ப்ரசர் இருக்கிற மேட்டின் மேல் பீரைத் தள்ளுகிற கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர். வாங்குவதற்கு முன் 9 அங்குல விட்டத்தில் அட்டையை வட்டமாக வெட்டி எடுத்துப்போய்க் கடையிலேயே ஃப்ரீசருக்குள் போட்டுப் பாருங்கள். விற்பனையாளர் விநோதமாகப் பார்த்தாலும் பரவாயில்லை.

டேப் பொருத்த ஃப்ரீசரின் சுவரில் துளை போடவே கூடாது. இந்த ஃப்ரீசர்களின் சுவருக்குள்தான் கேஸ் குழாய்கள் வளைந்து வளைந்து ஓடுகின்றன. டிரில் பட்டால் கேஸ் போகும், மெஷின் குப்பைக்குப் போகும். அதனால் மூடியைக் கழற்றிவிட்டு, ஃப்ரீசரின் வாயளவுக்கு மரச்சட்டம் ஒன்று செய்து மேலே உட்காரவைத்து, அதன்மேல் மூடியைப் பூட்டவேண்டும். இந்தச் சட்டத்தைக் காலர் என்கிறார்கள். ஏழே கால் அங்குல உயரப் பலகை போதும். ஃப்ரீசருக்கும் காலருக்கும் நடுவே ரப்பர் பட்டை, மூலைகளில் சிலிகான், உள்பக்கம் தெர்மாகோல் மாதிரியான இன்சுலேஷன் பலகை. டேப்புகள் இந்தக் காலரில்தான் துளை போட்டு நிற்கும்.

இங்கேதான் தச்சர்கள் ஆசைப்படுகிற ஒரு வேலையைத் தடுக்கவேண்டும். காலரோடு நிறுத்தாமல் ஃப்ரீசரின் வெளிச்சுவர் முழுக்கப் பலகையை ஒட்டிவிடுவார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் இந்த ஃப்ரீசர்களில் சூட்டைக் கொட்டுகிற குழாய்களும் வெளித்தகட்டுக்கு உள்ளே ஒட்டியே இருக்கின்றன. ஓடும்போது உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், சுவர் வெதுவெதுப்பாக இருக்கும். அதன்மேல் மரத்தை ஒட்டுவது கம்பளி போர்த்துவதுதான். மரம் வேண்டுமென்றால் தனிச் சட்டமாக, தன் காலில் நிற்கிற மாதிரி செய்து, ஃப்ரீசருக்கும் அதற்கும் நடுவே கையேட்டில் சொல்லியிருக்கிற இடைவெளி விடுங்கள். பெரும்பாலும் 3, 4 அங்குலம் கேட்கும். கீழே காற்று நுழைய ஒரு கிரில், மேலே சூடு வெளியேற ஒரு கிரில். சூடான காற்று தானாக மேலே ஏறும். அதற்குத் துணையாகக் கம்ப்யூட்டரில் வைக்கிற சின்ன ஃபேன் ஒன்று இருந்தால் போதும்.

இன்னொரு சிக்கல் அளவுச் சிக்கல். பார் மேடையின் உயரம் 42 அங்குலம். காலர் வைத்த ஃப்ரீசர் 40 அங்குலத்தைத் தொட்டுவிடும். மேடைக்குக் கீழே தள்ளினால் மூடி திறக்காது. மூடி திறக்காத ஃப்ரீசரில் கெக்கை எப்படி இறக்குவது? நிறைந்த கார்னி கெக் 23 கிலோவுக்குக் குறையாது. அதை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கி நேராகக் கீழே விடவேண்டும். அதனால் கீசரை மேடைக்குக் கீழே ஒளிக்காமல், ‘ட’ வடிவ பாரின் ஒரு முனையில் மேடை முடிகிற இடத்தில் நிறுத்துவது என் வழக்கம். அடியில் சக்கரம். முன்னால் இருக்கிற மரத்தடுப்பை நாலு திருகைக் கழற்றினால் மொத்த மெஷினும் வெளியே உருண்டு வரும். எந்த மெஷினும் ஒருநாள் பழுதாகும். பாரை உடைக்காமல் அதை வெளியே எடுக்க முடியவேண்டும். இது என் கண்டிப்பான விதி.

ஃப்ரீசர் தன் போக்கில் ஓடினால் பீர் உறைந்துபோகும். நமக்கு வேண்டியது 38 டிகிரி ஃபாரன்ஹீட், ஏறக்குறைய 3 டிகிரி செல்சியஸ். அதற்கு வெளியில் ஒரு தெர்மோஸ்டாட் பெட்டி. ஃப்ரீசரின் பிளக் அதில், அதன் பிளக் சுவரில். சூடு உணர்கிற முனையைக் காற்றில் தொங்கவிடாதீர்கள். மூடியைத் திறந்த ஒவ்வொரு முறையும் கம்ப்ரசர் தட்டி எழும்பும். முனையைக் கெக்கின் உடம்போடு ஒட்டி, மேலே ஒரு பஞ்சுத் துண்டு வைத்து ஒட்டு டேப் சுற்றுங்கள். ஒருமுறை நின்ற கம்ப்ரசர் மறுபடி ஓட 5 நிமிடம் பொறுக்கிற மாதிரி அமைத்துவிடுங்கள். சுவரில் மாட்டுகிற மின்சாரத் தெர்மோஸ்டாட்டுக்கு 1883இல் காப்புரிமை வாங்கிய வாரன் ஜான்சன், இங்கே பக்கத்தில் ஒயிட்வாட்டர் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். 1885இல் மில்வாக்கியில் அவர் தொடங்கியதுதான் ஜான்சன் கன்ட்ரோல்ஸ் கம்பெனி. பல கீசர்களில் நான் மாட்டியதும் அந்தக் கம்பெனியின் பெட்டிதான்.

இனி, எல்லோரும் கஷ்டப்படுகிற விஷயம்: நுரை. டேப்பைத் திறந்தால் கிளாஸ் முழுக்க நுரை வருகிறது என்றால், பத்தில் எட்டுத் தடவை பீர் மேல் குற்றம் இருக்காது. குளிரிலோ குழாய் நீளத்திலோதான் குற்றம்.

பீரில் கரைந்திருப்பது கார்பன் டை ஆக்சைடு. திரவம் எவ்வளவு குளிர்ந்திருக்கிறதோ, மேலே எவ்வளவு அழுத்தம் இருக்கிறதோ, அவ்வளவு வாயு உள்ளே அடங்கி இருக்கும். அழுத்தத்துக்கும் கரைவதற்கும் உள்ள கணக்கை 1803இல் மான்செஸ்டர்க்காரர் வில்லியம் ஹென்றி சொன்னார். சாதாரண பீருக்கு, அதன் கொள்ளளவைப்போல் இரண்டரை மடங்கு வாயு கரைந்திருக்கவேண்டும். 38 டிகிரி ஃபாரன்ஹீட்டில் அதை உள்ளே பிடித்துவைக்க 11 பிஎஸ்ஐ அழுத்தம் போதும். அதே பீர் 50 டிகிரிக்குச் சூடேறினால் 17, 18 பிஎஸ்ஐ வேண்டும். சிலிண்டரின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்துகிற ரெகுலேட்டரோ 11இலேயே நிற்கிறது. மீதி வாயு எங்கே போகும்? நுரையாக வெளியே வரும். கெக் குளிர்ந்திருந்தாலும் மேடைக்கு மேல் நிற்கிற கம்பம் அறையின் சூட்டில் இருக்கும். அதற்குள் நிற்கிற கொஞ்சம் பீர் சூடாகி, முதல் கிளாஸை நுரையாக்கும். கூலருக்குள் இருந்து ஒரு சின்ன ஃபேன், ஒரு குழாய் வழியாகக் குளிர்ந்த காற்றைக் கம்பத்துக்குள் ஊதினால் இது தீரும். தம்பியின் பாரில் இதைச் செய்த பிறகுதான் மேடையைப் பூட்டவிட்டேன்.

குழாய் நீளம் இன்னொரு பாதி. கெக்கில் 11, 12 பிஎஸ்ஐ. டேப்புக்கு வெளியே அழுத்தம் இல்லை. நடுவே இருக்கிற மெல்லிய குழாயின் உராய்வுதான் அந்த அழுத்தத்தைத் தின்னவேண்டும். உள்விட்டம் ஒரு அங்குலத்தில் பதினாறில் மூன்று பங்கு இருக்கிற வினைல் குழாயாக இருந்தால், ஒரு அடிக்கு 2 பிஎஸ்ஐக்குக் கொஞ்சம் கூடக் குறைய தின்னும் என்பது கணக்கு. வேகத்தைப் பொறுத்து இது மாறும். அதனால் முதலில் 10 அடி விடுங்கள், சுருட்டி உள்ளேயே வையுங்கள். ஊற்றிப் பார்த்து, ரொம்ப மெதுவாக வந்தால் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுங்கள். 16 அவுன்ஸ் கிளாஸ் நிறைய 8 நொடி ஆனால் சரியான வேகம். “நெட்டில் படித்தேன், 4 அடி போதுமாம்” என்று வெட்டிவிட்டுப் பிறகு ஒட்டுப்போட வழி தேடுகிறவர்கள் நிறைய. நுரை வருகிறதே என்று ரெகுலேட்டரைக் குறைப்பவர்களும் நிறைய. குறைத்தால் இரண்டு நாளில் பீரிலிருக்கும் வாயுவும் குறைந்து, சப்பென்று ஆகிவிடும்.

டேப்பில் காசு மிச்சம் பிடிக்கவேண்டாம். குரோம் பூசிய பித்தளையில் பூச்சு தேய்ந்ததும் உலோக ருசி பீரில் ஏறும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்குங்கள். முன்பக்கமே அடைக்கிற வகை இன்னும் நல்லது; பின்பக்கம் அடைக்கிற டேப்பில் உள்ளே பீர் காய்ந்து, கைப்பிடி ஒட்டிக்கொள்ளும். இந்த முன்பக்க அடைப்பு டேப்புகளுக்குப் பேர்போன பெர்லிக் கம்பெனியும் மில்வாக்கியில் 1917இலிருந்து இருக்கிறது.

பிள்ளைகள் இருக்கிற வீடு என்றால் டேப்பில் மாட்டுகிற பூட்டு கிடைக்கிறது. வாங்கிப் பூட்டுங்கள். இங்கே குடிக்கும் வயது 21.

கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரைப் பற்றிச் சொல்லும்போது நான் குரலை உயர்த்துவேன். அறைச் சூட்டில் அந்தச் சிலிண்டருக்குள் 800 பிஎஸ்ஐக்கு மேல் இருக்கிறது. படுக்கவைக்கக்கூடாது, சாய்ந்து விழாமல் சங்கிலியோ பட்டையோ போட்டுக் கட்டவேண்டும். வாயு வெளியேறினால் வாசனை வராது. காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், அதனால் பேஸ்மென்ட்டில் கீழேயே தேங்கும். வீடுகளில் வைக்கிற 5 பவுண்டு சிலிண்டர் முழுதும் கசிந்தால் ஏறக்குறைய 1.2 கன மீட்டர் வாயு. 10 அடிக்கு 12 அடி, 8 அடி உயரம் உள்ள மூடிய அறையில் அது காற்றில் 4 சதவீதத்தைத் தாண்டும். வேலையிடங்களில் 8 மணி நேரத்துக்குச் சராசரியாக 0.5 சதவீதம் என்பதே இங்கே வரம்பு. 4 சதவீதத்தை உயிருக்கு உடனடி ஆபத்து என்று வகைப்படுத்தியிருக்கிறார்கள். புதுச் சிலிண்டர் மாட்டும் ஒவ்வொரு முறையும் எல்லா இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் வாஷரை மாற்றுங்கள். கார்பன் டை ஆக்சைடு அலாரம் ஒன்றைத் தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் மாட்டுங்கள். ஃபர்னஸுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிற கார்பன் மோனாக்சைடு அலாரம் வேறு. அது இதற்குக் கத்தாது. ஒரு சிலிண்டர் 10க்கு மேற்பட்ட கார்னி கெக்குக்கு வரும். அதற்குள் தீர்ந்துவிட்டால் கசிவு இருக்கிறது என்று அர்த்தம்.

கழுவுவது. இதைக் கடைசிக்குத் தள்ளுகிறவர்கள்தான் அதிகம். குழாய்க்குள் ஈஸ்டும் பாக்டீரியாவும் வழவழப்பாகப் படியும். சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து பீர்க்கல் என்கிற காறையும் படியும். பார்களுக்கு இங்கே சொல்லப்பட்டிருக்கிற முறை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை காரக் கரைசல், மூன்று மாதத்துக்கு ஒருமுறை காறையை எடுக்க அமிலக் கரைசல். வீட்டிலும் கெக் மாற்றும்போதெல்லாம் ஒருமுறை கழுவிவிடுங்கள். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, பிறகு நிறையத் தண்ணீர் விட்டு அலசவேண்டும். டேப்பைக் கழற்றி பிரஷ் போடுங்கள். வெண்ணெய் வாடையோ புளிப்போ வந்தால் பீரைக் குறை சொல்லும் முன் குழாயைப் பாருங்கள்.

மரவேலையின் அளவுகள் நெடுநாளாகப் பழகி நிலைத்தவை, அதிகம் யோசிக்கத் தேவையில்லை. மேடை 42 அங்குலம், ஸ்டூல் 30. ஒருவர் உட்கார 24 அங்குல அகலம். ஊற்றுகிறவர் நிற்க உள்ளே 3 அடி. கெஜரேட்டர் கதவு திறந்தாலும் ஆள் நிற்க இடம் இருக்கவேண்டும். தண்ணீர் சிந்துகிற இடம் என்பதால், கசிந்தால் உடனே துண்டிக்கிற ஜிஎஃப்சிஐ பிளக்கை உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்துப் போடுங்கள். எக்ஸ்டென்ஷன் வயரில் கம்ப்ரசரை ஓட்டவேண்டாம். மேடைக்கு எபாக்ஸியோ பாலியூரித்தேனோ பூசினால் ஈரம் ஏறாது. மற்றதெல்லாம் உங்கள் ரசனை.

பீர் தொடாத வீடுகளிலிருந்தும் என்னைக் கூப்பிடுகிறார்கள், அந்த வேலை எனக்கு இன்னும் பிடிக்கும். என் வீட்டு மூன்று டேப்பில் ஒன்று சோடா. கெக்கில் வெறும் தண்ணீர், 27 முதல் 30 பிஎஸ்ஐ. பீரைவிட அழுத்தம் கூடுதல் என்பதால் தனி ரெகுலேட்டர் வேண்டும், குழாயும் 20 அடிக்கு மேல் வேண்டும். ஊரிலிருந்து வருகிற நன்னாரி சர்பத்தைக் கிளாஸில் ஊற்றி, எலுமிச்சை பிழிந்து, மேலே இந்தச் சோடாவை விட்டால், ஜூலை வெயிலில் பிள்ளைகள் ஸ்டூலை விட்டு இறங்க மாட்டார்கள். சர்பத்தைக் கெக்குக்குள் கலக்காதீர்கள். வாசனை வினைல் குழாயில் ஏறிவிட்டால் கழுவினாலும் போகாது. அமெரிக்கர்களின் ரூட் பீருக்கும் நன்னாரிக்கும் ருசியில் உறவு இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெரியவர், பைப் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், முதல் தடவை குடித்துவிட்டு இரண்டாவது கிளாஸை அவரே ஊற்றிக்கொண்டார். சனிக்கிழமைகளில் எங்கள் பேஸ்மென்ட்டில் அவரும் என் மாமியாரும் ஆளுக்கொரு நன்னாரி சோடாவோடு எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்கள். இப்படி மனிதர்கள் ஒன்றாக உட்காரத்தான் இத்தனை கணக்கும் இத்தனை உழைப்பும் என்று நான் மனமார நினைக்கிறேன்.

பார் கட்ட நினைக்கிற நண்பர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். மரக்கடைக்கு முதலில் போகாதீர்கள். மெஷினை வாங்கி, அது நிற்கப்போகிற இடத்திலேயே நிறுத்தி, தண்ணீர் நிரப்பிய கெக்குகளோடு ஒரு வாரம் ஓடவிடுங்கள். எந்தப் பக்கம் சூடு வருகிறது என்று கையை வைத்துப் பாருங்கள். மூடி எவ்வளவு உயரம் திறக்கிறது, கதவு எவ்வளவு தூரம் வருகிறது என்று சாக்பீஸால் தரையிலும் சுவரிலும் கோடு போடுங்கள். அந்தக் கோட்டைத் தச்சரிடம் காட்டி, இதற்கு வெளியேதான் பலகை வரவேண்டும் என்று சொல்லுங்கள்.